ஆறாங்கிளாஸுக்கு கவர்மென்ட் ஸ்கூலா, எய்டடா, சிபிஎஸ்இயா? தக்கலை பக்கத்துக்காரங்க சொல்லுங்க

தக்கலை_அம்மா:
எனக்க மவ இப்போ அஞ்சாங்கிளாஸ். சர்ச் ஸ்கூல், அரசு உதவி பெறுற எய்டட்தான், ஆனா இங்கிலீஷ் மீடியம்ங்கதால ஃபீஸ் உண்டு. ஜூன்ல ஆறுக்கு எங்க சேக்கதுன்னு வீட்ல ஒரே பகளம். அவ அப்பா கல்ஃப்ல இருந்துட்டு ஃபோன்ல சிபிஎஸ்இ சிபிஎஸ்இன்னு ஒத்தக்கால்ல நிக்காவ, மாமியாருக்கு அந்த சர்ச் ஸ்கூல விட்டா வேற ஸ்கூலே உலகத்துல கெடையாது, அவிய படிச்சது அவிய பிள்ளைய படிச்சது எல்லாம் அங்கதான். எனக்கு என்னன்னா வீட்ல இருந்து நடந்து போற தூரத்துல கவர்மென்ட் ஹையர் செகண்டரி ஒண்ணு கெடக்கு, அங்க போட்டா என்னன்னு. அத வாயத் தொறந்து சொன்னாலே பைசா இல்லியான்னு கேக்காவ சொந்தக்காரங்க. பிள்ளை கணக்குல கொள்ளாம், இங்கிலீஷ் சுமார். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மார்த்தாண்டம்_மச்சான்:
அக்கா இதுல யோசிக்க என்ன இருக்கு, அண்ணன் சொல்லுகதுதான் சரி. நீட்டு, ஜேஇஇ எல்லாம் சிபிஎஸ்இல உள்ள என்சிஇஆர்டி புக்க வச்சுதான கேக்கான். ஆறுல இருந்தே அந்த புக்ல கெடந்த பிள்ளைக்கு ப்ளஸ் டூல பயம் இருக்காது. எனக்க அண்ணன் மவன் ஸ்டேட் போர்டு, பத்துல நல்ல மார்க்கு, கோச்சிங்குக்கு கேரளாவுல கொண்டு விட்டா ஃபோன் போட்டு ஒரே அழுகை, வாத்தியாரு இங்கிலீஷ்ல சொல்லுகது ஒண்ணும் தலையில ஏறலன்னு. கவர்மென்ட் ஸ்கூல் இங்கிலீஷ் மீடியம்ங்கது போர்டுல மட்டும்தான் இங்கிலீஷ்.

வேர்கிளம்பிகாரன்:
மச்சான், நீட்ட பத்தி பேசுகீரு, பேசும்போ முழுசா பேசும். 7.5 சதவீதம்னு ஒண்ணு இருக்குல்லா. 2020ல சட்டம் வந்துச்சு, ஆறாங்கிளாஸ்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளையளுக்கு மெடிக்கல் சீட்டுல தனி ஒதுக்கீடு. நீட் எழுதி குவாலிஃபை ஆகணும், அதுல மாத்தமில்ல, ஆனா போட்டி அவங்களுக்குள்ளதான். அடுத்த வருஷம் இஞ்சினியரிங், அக்ரி, ஃபிஷரீஸ், லா எல்லாத்துக்கும் கொண்டு வந்தாச்சு, அதுல சேந்தா காலேஜ் ஃபீஸும் ஹாஸ்டல் ஃபீஸும் அரசே கட்டுது.

அக்கா, நீங்க முக்கியமா பாக்க வேண்டியது வேற ஒண்ணு. எய்டட் ஸ்கூல் இதுல வராது! நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல பாதி பேரு எய்டட் ஸ்கூலயும் கவர்மென்ட் ஸ்கூல்னுதான் நெனச்சிட்டு இருக்காவ, வாத்தியாருக்கு சம்பளம் அரசு குடுக்குது, புக்கு அரசு புக்கு, பிறவு என்ன வித்தியாசம்னு. ப்ளஸ் டூ முடிச்சிட்டு கவுன்சலிங்குக்கு போகும்போதுதான் தெரியும். ஆறுல வேற எங்கயாவது போட்டுட்டு ஏழுல கொண்டு வந்து சேத்தா ஆகாது. அதனால இந்த ஜூன்ல எடுக்குற முடிவு ஏழு வருஷத்துக்கும் சேத்து எடுக்குற முடிவாக்கும்.

நாஞ்சில்_பழையமாணவன்:
பதினொரு வயசு பிள்ளைக்கு இப்பவே கோட்டா கணக்கு போடுறது எனக்கு சரியா படல. அது டாக்டர் ஆகணும்னு யாரு சொன்னா? பிள்ளைட்ட கேட்டாச்சா?

எய்டட் ஸ்கூல இவ்வளவு லேசா தள்ளாதீங்க. ரிங்கல்தௌபேங்கற மிஷனரி மைலாடியில வந்து எறங்குன காலத்துல இருந்து, அதாவது 1800களோட ஆரம்பத்துல இருந்து, இந்த மண்ணுல சாதாரண வீட்டு பிள்ளைய எழுத்து படிச்சதுக்கு மிஷன் ஸ்கூல் பெரிய காரணம், நம்ம ஜில்லா 1956ல தமிழ்நாட்டோட சேரும்போதே ஊருக்கு ஊரு பள்ளிக்கூடம் இருந்துச்சு. 2011 சென்சஸ்ல எழுத்தறிவு 91.75 சதவீதம்னு மாநிலத்துலயே முதல்ல வந்தோம்ல, அது சும்மா வரல. இப்போதைக்கு உள்ள விஷயம் சொல்லுகேன், எய்டட்ல ஒரு டீச்சர் வந்தா ரிட்டயர் ஆகுறது வரைக்கும் பெரும்பாலும் அதே மேனேஜ்மென்ட்லதான். எனக்கு கணக்கு எடுத்த சாரு எனக்க தம்பிக்கும் எடுத்தாரு, இப்போ தம்பி மவளுக்கும் எடுக்காரு, பிள்ளை மக்கர் பண்ணுனா நேரா வீட்டுக்கு வந்து நிப்பாரு. கவர்மென்ட்ல வருஷா வருஷம் டிரான்ஸ்ஃபர் கவுன்சலிங், நல்ல வாத்தியாருன்னு நம்பி சேத்தா அடுத்த வருஷம் அவரு ஆரல்வாய்மொழில இருப்பாரு.

ஸ்டாஃப்ரூம்_டீ:
நான் கவர்மென்ட் ஸ்கூல் பிடி அசிஸ்டன்ட், அதாவது பட்டதாரி ஆசிரியர், நம்ம ஜில்லாதான், ஸ்கூல் பேரு சொல்ல மாட்டேன். ரெண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலா பேசுறீங்க.

டிரான்ஸ்ஃபர் உண்மை. காலிப் பணியிடமும் உண்மை, ஆள் வராத சப்ஜெக்டுக்கு பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிக ஆள் போடுவாங்க, சில பேரு பிரமாதமா எடுப்பாங்க, சில பேரு அடுத்த வேலை கெடச்சதும் பாதி வருஷத்துல போயிருவாங்க. ஆனா அந்த என்சிஇஆர்டி பேச்சு பழைய பேச்சு மச்சான், ஸ்டேட் புக்க 2018ல இருந்து மொத்தமா மாத்தியாச்சு, ப்ளஸ் ஒன் பயாலஜி புக்க ஒருதடவ எடுத்து பாத்துட்டு லேசுன்னு சொல்லுங்க பாப்போம்.

அம்மா, நீங்க ஸ்கூலுக்கு போனா ரிசல்ட் சதவீதம் கேக்காதீங்க, எல்லாரும் நூறுக்கு பக்கத்துலதான் சொல்லுவாங்க. முதல்ல அது மேல்நிலைதானான்னு உறுதி பண்ணுங்க, உயர்நிலைன்னா பத்தோட நிக்கும், பதினொண்ணுக்கு பக்கத்துல எய்டட்தான் உண்டுன்னு அங்க போனா வேர்கிளம்பி அண்ணன் சொன்ன 7.5 அத்தோட போச்சு, இப்படி போன பிள்ளைய எனக்கே தெரியும். அடுத்து பதினொண்ணுல என்னென்ன குரூப், பயோ மேத்ஸ் உண்டா, உண்டுன்னா எந்த மீடியத்துல. மூணாவது ஹெச்எம் ரூம்ல பணியிட விவரம்னு ஒரு போர்டு தொங்கும், அத வாசிங்க. நாலாவது பொம்பளப் பிள்ளைய டாய்லெட், இத நீங்களே உள்ள போய் பாருங்க, யாருட்டயும் கேக்காண்டாம்.

கொளச்சல்_கடலோரம்:
ஆர்டிஇ, அதான் கல்வி உரிமைச் சட்டம், அத பத்தி யாரும் சொல்லலியே. எனக்க மவன் ஆர்டிஇல பிரைவேட் ஸ்கூல்ல ஃப்ரீயா எட்டு வரை படிச்சான், ஒன்பதுல கவர்மென்ட்ல போட்டேன். அந்த கேஸுக்கு 7.5 உண்டு, சட்டத்துலயே இருக்கு. ஃபீஸ் கட்டி படிச்ச பிள்ளைக்கு கெடையாது. ஆர்டிஇ பேப்பர் எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்.

மார்த்தாண்டம்_மச்சான்:
ஆக எல்லாரும் கோட்டாவுக்குதான் ஸ்கூல் பாக்குறீங்க, படிப்புக்கு இல்ல. நல்லா இருக்கு.

வேர்கிளம்பிகாரன்:
ஓய், நீரு கோச்சிங்குக்கு ஸ்கூல் பாக்கலாம், நாங்க கோட்டாவுக்கு பாக்கப்பிடாதா? உம்ம சிபிஎஸ்இ பிள்ளை காலத்த ஏழு மணிக்கு வேன்ல ஏறி அந்தி கறுத்து வீட்டுக்கு வருது, அதுக்கு மேல ட்யூஷன் வேற. நடந்து போற பிள்ளைக்கு அந்த நேரம் மிச்சம்லா. அதோட இந்த பிள்ளை பின்னால காலேஜ் போனா அரசோட புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் உண்டு. அது முதல்ல கவர்மென்ட் ஸ்கூலுக்கு மட்டும் இருந்துச்சு, பிறவு எய்டட்ல தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் குடுத்தாவ. அக்கா பிள்ளை எய்டட்ல இங்கிலீஷ் மீடியம், அதுலயும் வராது.

தக்கலை_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நேத்து போய் பாத்துட்டு வந்தேன். மேல்நிலைதான், பயோ மேத்ஸ் ரெண்டு மீடியத்துலயும் இருக்குன்னு ஹெச்எம் சொன்னாவ. டீச்சர் சொன்ன அந்த போர்டு இருந்துச்சு, கணக்குக்கு நேரா காலி 1ன்னு சாக்பீஸ்ல எழுதியிருந்துச்சு, மத்த எல்லாம் பெயிண்ட்ல, இது மட்டும் சாக்பீஸ், பழைய எழுத்த அழிச்ச தடம் மேல. எப்ப இருந்து காலின்னு கேட்டேன், போன டிரான்ஸ்ஃபர்ல போனவங்க, இப்போ தற்காலிகமா ஒரு பொண்ணு எடுக்குதுன்னாவ. அந்த பொண்ணு கிளாஸ வெளிய நின்னு கொஞ்சம் கேட்டேன், நல்லாதான் எடுக்கா, கடைசி பெஞ்சு பிள்ளைய போர்டுக்கு கூப்பிட்டு பின்னம் போட வச்சா. டாய்லெட்ல தண்ணி உண்டு, நாலுல ஒண்ணுக்கு கொண்டி இல்ல, கயிறு கெட்டி வச்சிருக்கு. கம்ப்யூட்டர் லேப் ஏசி எல்லாம் போட்டு ஜோரா இருக்கு, ஆனா பூட்டி கெடந்துச்சு.

நாஞ்சில்_பழையமாணவன்:
கணக்குல கொள்ளாம்னு சொன்ன பிள்ளைக்கு கணக்கு வாத்தியாரு இல்லாத ஸ்கூல். இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

ஸ்டாஃப்ரூம்_டீ:
கவுன்சலிங்ல யாராவது அந்த எடத்த எடுத்தா வருவாங்க, எடுக்கலன்னா தற்காலிகம்தான், அத மறைக்க மாட்டேன். ஆனா மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பேரு பெத்தவங்கதான், கூட்டத்துல காலிப் பணியிடம்னு தீர்மானம் எழுதி அனுப்பலாம், கொண்டியும் அதுலயே எழுதலாம். நெறய ஸ்கூல்ல டீச்சருங்க எழுதி நீட்டுற எடத்துல கையெழுத்து போட்டுட்டு டீ குடிச்சிட்டு போறாங்க, அதுதான் பிரச்சனை.

தக்கலை_அம்மா:
அந்த குழுவுல சேரணும்னா பிள்ளை அங்க படிக்கணும்லா?

ஸ்டாஃப்ரூம்_டீ:
ஆமா.

மார்த்தாண்டம்_மச்சான்:
ஆக அக்கா முடிவு பண்ணியாச்சு. பின்ன என்னத்துக்கு எங்கள போட்டு இந்தப் பாடு படுத்துனீங்க?

தக்கலை_அம்மா:
முடிவெல்லாம் பண்ணல தம்பி. டிசிக்கு எழுதிக் குடுத்திருக்கேன், அவ்வளவுதான். அவ அப்பா இன்னைக்கு ராத்திரி ஃபோன் பண்ணுவாவ.