பேன், ஜூம், கிராப்: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

வீடியோ எடிட்டிங் மென்பொருள் தமிழாக்கத்தில் பேன், ஜூம், கிராப் மூன்றுக்கும் முறையே ‘நகர்த்து, பெரிதாக்கு, வெட்டு’ என்று முந்தைய மடலில் பரிந்துரைத்திருந்தீர்கள். எளிய சொற்கள்தான், ஆனால் வேலையில் இறங்கினால் மூன்றும் இடிக்கின்றன.

பேன் (pan) என்பது காட்சியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை பார்வையை மெல்லக் கொண்டுபோவது. அதை ஒலிபெயர்த்தால் தலையில் ஊரும் பேனாகிவிடும். தமிழ்ச்சொல் கட்டாயம் வேண்டும். ஆனால் ‘நகர்த்து’ என்றால் எதை நகர்த்துவது? கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 1920×1080 பிக்சல் டைம்லைனில் ஒரு படத்தை 3840×2160 அளவில் வையுங்கள். கால்வாசிதான் திரையில் தெரியும். படத்தின் இடத்தையும் அளவையும் மாற்றும் டிரான்ஸ்ஃபார்மில், முதல் கீஃபிரேமுக்கு (எந்த நேரத்தில் என்ன மதிப்பு என்று குறிக்கும் புள்ளி) எக்ஸ் மதிப்பு, அதாவது கிடைமட்ட இடம், 0, ஐந்தாம் நொடிக்கு −1920 என்று கொடுத்தால் படம் இடப்பக்கம் போகிறது. பார்ப்பவர் கண்ணோ படத்தின் வலப்பக்கம் போகிறது. ஆப்பிளின் எடிட்டிங் செயலியான ஐமூவியில், நிழற்படத்துக்கு அசைவு தரும் கென் பர்ன்ஸ் எஃபெக்டில் படம் அப்படியே இருக்கும்; தொடக்கத்துக்கும் முடிவுக்கும் கட்டம்தான் போடுகிறோம். அங்கே கட்டம் போகும் திசையும் கண் போகும் திசையும் ஒன்றே. ‘இடப்பக்கம் நகர்த்து’ என்று எழுதினால் ஒன்றில் சரி, இன்னொன்றில் நேரெதிர்.

அதனால் கண் போகும் திசையைச் சொல்லும் ‘நோட்டம்’ என் பரிந்துரை. கல்யாண குரூப் போட்டோவில் இடக்கோடியில் நிற்கும் தாத்தாவிலிருந்து வலக்கோடிக் குழந்தைவரை மெல்லப் போவது வல நோட்டம். மேலும் கீழும் போகும் டில்ட்டுக்கு ‘மேல்நோட்டம்’ வேண்டாம், ‘மேலோட்டம்’ என்று காதில் விழும். ஏற்ற நோட்டம், இறக்க நோட்டம் எனலாம். திருடன் நோட்டம் விடுவது நினைவுக்கு வருமே என்று சிலர் கேட்கக்கூடும். அந்தச் சாயல் ‘விடு’ சேரும்போதுதான் வருகிறது. காசு நோட்டம் என்ற பழைய வழக்கில் அது கூர்ந்து பார்ப்பதுதானே?

‘பெரிதாக்கு’ படத்தின் அளவை மாற்றும் ஸ்கேல் பெட்டிக்கு வேண்டும், அதை அங்கேயே விட்டுவிடலாம். ஜூம் இன் நெருங்கு, அவுட் விலகு. சரி, இதில் பெரிய சிக்கல் இல்லை.

கிராப்புக்கு ‘வெட்டு’ கூடவே கூடாது. கிளிப்பை இரண்டாக்கும் ‘கட்’ (cut) என்பதற்கு அது போய்விட்டது. கிளிப்பின் முனையைக் குறைக்கும் டிரிம்முக்குக் ‘கத்தரி’ இருக்கட்டும். இரண்டும் நேரத்தில் கைவைப்பவை. கிராப் கைவைப்பது படத்தின் ஓரத்தில். 1920×1080 காட்சியை ரீல்ஸுக்காக 9:16 ஆக்கினால் அகலத்தில் 608 பிக்சல் அளவுக்குத்தான் மிஞ்சும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நேரம் ஒரு நொடிகூடக் குறையாது. போட்டோ செயலிகளில் பழகிய ‘செதுக்கு’ இதற்குப் போதும்.

‘நோட்டம்’ பிடிக்காதவர்கள், கண் போகும் திசையைச் சொல்லும் வேறு சொல் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.