புதுப்பிப்பு: மங்கிய வெளிச்சத்துக்கு எந்த ஸ்கோப்?

மாலை மங்கலில் ரைபிளுக்கு 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ. முன் லென்ஸ் கொண்ட குறிநோக்கி) போதுமா என்று நான் தொடங்கிய இழையின் தொடர்ச்சி இது. போதும், உருப்பெருக்கத்தைக் குறைத்து வைத்தால். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 9-ல் 4.4 மி.மீ., 6-ல் 6.7. இருட்டில் இளவயதினரின் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. விரியும்; கற்றை அதை நெருங்க நெருங்கக் காட்சி வெளிச்சமாகத் தெரியும். ஜெர்மனியில் 8×56 (56-ஐ 8-ஆல் வகுத்தால் 7) இன்றும் விரும்பப்படுவது இந்தக் கணக்கால்தான். ஆனால் அவ்வளவு பெரிய லென்ஸுக்கு ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து வைக்கும் ரிங் உயரமாக வேண்டும். கன்னம் ஸ்டாக்கில் (ரைபிளின் பின்கட்டையில்) சரியாகப் பதியாது, குறி தவறும். கன்னத்தாங்கியை உயர்த்த முடியாத ரைபிள் என்றால் 40 அல்லது 42 மி.மீ. லென்ஸோடு நின்று, மிச்சப் பணத்தை லென்ஸின் கண்ணாடித் தரத்துக்குப் போடுங்கள்.

1926-ல் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்டபோது ஸ்கோப்பே கிடையாது. ரைபிளில் பொருத்திய டார்ச்தான். அவர் எழுதிய இரவுக் காவல் பக்கங்களை இந்தக் கண்ணோடு மறுபடி வாசியுங்கள், அருமையாக இருக்கும்.