கலைச்சொல் வேண்டல்: அமெரிக்க வரலாற்றின் ‘நியூ டீல்’

திருச்சி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இளங்கலை வரலாற்று மாணவர்களுக்கான துணைநூல் ஒன்றுக்காக, அமெரிக்க வரலாற்றின் அரசியல், பொருளாதாரத் திருப்பங்களைப் பேசும் இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். உள்நாட்டுப் போருக்கும், அதையடுத்து 1877 வரை நீண்ட மறுசீரமைப்புக் காலத்துக்கும், 1929இல் தொடங்கிய பெருமந்தத்துக்கும் சொற்கள் நிலைபெற்றுவிட்டன. அந்தப் பெருமந்தத்திலிருந்து நாட்டை மீட்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த திட்டங்களின் தொகுப்பான ‘நியூ டீல்’ என்னும் இடத்துக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது.

வழக்கில் இருக்கும் ‘புதிய ஒப்பந்தம்’ என்பதையே எழுதிவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டத்தைப் பற்றிய பத்தியில், “புதிய ஒப்பந்தத்தின் கீழ்த் தொழிற்சங்கங்கள் முதலாளிகளோடு புதிய ஒப்பந்தங்களைச் செய்துகொள்ளும் உரிமை பெற்றன” என்று ஒரு வாக்கியம் அமைந்துவிட்டது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். தமிழிலோ, ‘இது பெயர்’ என்பதைச் சொல்லின் வடிவமேதான் உணர்த்த வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. அவருக்கு முந்தைய அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் ‘ஸ்கொயர் டீல்’, பிந்தைய அதிபர் ட்ரூமன் 1949இல் அறிவித்த ‘ஃபேர் டீல்’ ஆகிய கொள்கைத் திட்டங்கள் இரண்டும் இதே இயலில் வருகின்றன. மூன்றும் ஒரு குடும்பத்துச் சொற்கள் என்பது மாணவருக்குப் புலப்பட வேண்டும்.

தஞ்சைத் தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மையீர்க்கு வணக்கம்.

‘டீல்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் பங்கு, பகுதி என்பதே. செருமானிய மொழியில் இன்றும் ‘டைல்’ என்றால் பகுதிதான். உடன்பாடு என்னும் பொருள் பின்னால் வந்து ஏறிக்கொண்டது. ஆகவே ஒப்பந்தம், உடன்படிக்கை என்று தேடுவது வேரை விட்டுக் கிளையைப் பிடிப்பதாகும். நம்மிடம் பகு என்னும் வேர் இருக்கிறது. பங்கு, பக்கம், பாதி, பால், பகல் எல்லாம் அதன் மக்கள் என்பது என் துணிபு. நுகத்தடியின் நடுவில் அறையும் ஆணிக்கும் பகல் என்று பெயர். ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’ என்று பட்டினப்பாலை வணிகரைப் பாடும்போது, கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் விற்றவர்கள் என்று அவர்களைச் சொல்கிறது. ‘ஸ்கொயர் டீல்’ என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை ஆங்கில அகரமுதலிகளில் தேடினாலும் கிடைக்காது.

இனி உரூசுவெல்ட்டுக்கு வருவோம். ‘இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த வகுத்தலும் வல்ல தரசு’ என்றார் வள்ளுவர். அமெரிக்க அரசு முதல் மூன்றையும் முதலாளிகளிடம் விட்டுவிட்டு, நான்காவதை மறந்திருந்தது. அதை நினைவூட்டியதே அந்தத் திட்டம். வகுப்பு என்னும் சொல் பள்ளிக்கூடத்துக்கும் சாதிக்கும் போய்விட்டது. ஆகவே வகுத்தலின் பயனாகிய ஈவு என்பதைக் கொண்டு, புதுமை என்பதன் ஈறு கெட்டு, தன்னொற்று இரட்டி, ‘புத்தீவு’ என ஆக்கலாம். புத்தாண்டு, புத்தாடை போல இலக்கணம் வழுவாத சொல்.

சென்னை இதழாளர் எழுதியது:

தஞ்சை ஐயாவின் இலக்கணத்தில் குறை காண எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ‘புத்தீவு’ என்று அச்சிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு மாணவர்கள் அதைப் புதிய தீவு என்றுதான் படிப்பார்கள். “1933இல் ரூஸ்வெல்ட் புத்தீவை அறிமுகப்படுத்தினார்” என்றால் கொலம்பஸுக்குப் பின் இவரும் கடலில் இறங்கினார் போலும் என்று எண்ண மாட்டார்களா?

பேச்சுத் தமிழை ஒட்டிப் பார்த்தால், ‘டீல்’ என்பதற்குப் பொருந்தி வருவது ஏற்பாடு. இரண்டு தரப்பு வேண்டாம், கையெழுத்து வேண்டாம், அரசே செய்து கொடுக்கலாம். ஆயினும் ‘புதிய ஏற்பாடு’ வேறொரு நூலின் பெயராகிவிட்டது. பயன்படுத்தினால், ரூஸ்வெல்ட்டுக்கு முந்தைய அதிபர் ஹூவரின் ஆட்சியைப் பழைய ஏற்பாடு என்று அழைக்க நேரும். ‘புதிய பொருளாதாரக் கொள்கை’ என்றாலோ, லெனினுடையதா, மலேசியாவின் 1971ஆம் ஆண்டுக் கொள்கையா, நம் 1991ஆம் ஆண்டுத் தாராளமயமா என்று கேள்வி எழும். எல்லா வாசல்களும் அடைபட்ட பின் ‘நியூ டீல்’ என்றே எழுதிவிடுவதில் என்ன இழிவு? பெயர்ச்சொல்லைப் பெயர்க்க வேண்டியதில்லை.

கோவைப் பொருளியல் பேராசிரியர் எழுதியது:

சொல்லின் வேரை ஆய்வதற்கு முன் அதைச் சொன்னவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று பார்த்துவிடுவது நல்லது. 1932 ஜூலை 2ஆம் நாள், சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு விமானத்தில் வந்து இறங்கி, வேட்பாளர் நியமனத்தை நேரிலேயே ஏற்று ரூஸ்வெல்ட் பேசினார். அமெரிக்க மக்களுக்கு ஒரு ‘நியூ டீல்’ அளிக்க உறுதி பூணுவதாக அந்த உரையின் முடிவில் சொன்னார். ‘ஒரு’ என்பதைக் கவனியுங்கள். அன்று அது பெயர் இல்லை, வெறும் சொற்றொடர். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டு பெயராக்கின.

அந்தச் சொற்றொடர் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. ஒரு கை ஆடி முடிந்ததும் சீட்டுகளைக் கலைத்து, எல்லோருக்கும் முதலிலிருந்து போடுவதைத்தான் ஆங்கிலத்தில் அவ்வாறு சொல்கிறார்கள். ‘ஸ்கொயர் டீல்’ என்பதும் ஏமாற்றாமல் சீட்டுப் போடுவதே. 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூழ்கின. ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4இல் பதவியேற்றபோது உழைப்பாளர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆட்டத்தில் கையிருப்பு முழுவதையும் தோற்றுவிட்டு மேசையை விட்டு எழவும் முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களிடம், சீட்டைக் கலைத்துப் புதிதாகப் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னார். ஆட்டத்தின் விதிகளைத் திருத்துவதாகச் சொன்னாரே ஒழிய, ஆட்டத்தையே நிறுத்துவதாகச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் அதே ஆண்டுகளில் மேசையையே கவிழ்த்தவர்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இந்த வேறுபாட்டின் எடை விளங்கும்.

ஆகவே என் பரிந்துரை ‘புத்தாட்டம்’. தஞ்சை ஐயா காட்டிய அதே புணர்ச்சி விதிப்படி அமைவது. தீவோடு குழப்பமும் இல்லை.

டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது:

ஒப்பந்தம் வேண்டாம் என்பதற்கு எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் சேர்க்க விரும்புகிறேன். ஈழத்து வாசகருக்கு ஒப்பந்தம் என்றவுடன் இலங்கைப் பிரதமர்கள் பண்டாரநாயக்க, டட்லி சேனநாயக்க ஆகியோர் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த 1957ஆம் ஆண்டின் பண்டா – செல்வா ஒப்பந்தமும் 1965ஆம் ஆண்டின் டட்லி – செல்வா ஒப்பந்தமும்தான் நினைவுக்கு வரும். இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு தரப்பு கைவிடுவதே ஒப்பந்தம் என்று எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. ரூஸ்வெல்ட்டோடு எதிர்ப்பக்கத்தில் கையெழுத்திட்டவர் எவரும் இல்லை.

பங்கீடு என்று எவரும் முன்மொழிவதற்கு முன்னரே அதையும் தடுத்துவிடுகிறேன். பங்கீட்டு அட்டை என்பது கூப்பன் அட்டை, அதாவது ரேஷன் அட்டை. அமெரிக்காவில் சீனியும் பெற்றோலும் அட்டைக்கு வந்தது 1942இல், போருக்காக. 1933ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் இரண்டும் குழம்பும். ‘பகிர்வு’ என்பதைப் பரிசீலிக்கலாம்.

தஞ்சைத் தமிழாசிரியர் எழுதியது:

புத்தீவைக் கைவிடுகிறேன், ஆனால் புத்தாட்டத்தை ஏற்க மாட்டேன். ஒரு நாட்டின் மீட்சிக்குச் சூதின் சொல்லா? சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய மரபில் வந்த மாணவனுக்கு ‘ஆட்டம்’ என்பது என்ன உணர்த்தும்? ஆட்டம் கண்டது, ஆட்டம் முடிந்தது, ஆட்டம் போடுகிறான் என எல்லாம் இழிவுப் பொருளில் அல்லவா வழங்குகின்றன? பகிர்வு எனக்கு உடன்பாடே. பகிர்வும் பகு என்னும் வேரின் வழியினதுதான் என்பதை நினைவூட்டுகிறேன்.

கோவைப் பேராசிரியர் எழுதியது:

ஐயா, பங்குச் சந்தைச் சூதில் வீழ்ந்த நாட்டுக்குச் சூதின் சொல் பொருந்தாது என்றால் வேறு எதற்குத்தான் பொருந்தும்? இருந்தாலும் அதை விடுகிறேன். ‘பகிர்வு’ என்பதில்தான் எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. அந்தச் சொல், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிவிடும்.

செய்யப்பட்டவை எவை என்று பாருங்கள். 1933 மார்ச் 6இல் வங்கிகள் அனைத்துக்கும் விடுமுறை. 9ஆம் நாள் அவசர வங்கிச் சட்டம். 12ஆம் நாள் வானொலியில் முதல் உரை. தங்கத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் அரசிடம் ஒப்படைக்க ஏப்ரலில் ஆணை. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஓர் அவுன்ஸின் விலை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தப்பட்டது. 2,500 டாலர் வரையிலான வைப்புகளுக்குக் காப்பீடு வந்தது. இவற்றில் பெரும்பாலானவை வங்கியின் மீது நம்பிக்கையை மீட்கும் வேலைகள். ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குப் பகிர்ந்தது மிகக் குறைவு.

பகிர்ந்ததும் எல்லோரையும் எட்டவில்லை. 1933ஆம் ஆண்டின் வேளாண் சட்டம், விலையை ஏற்றுவதற்காகப் பருத்தி விளைச்சலைக் குறைக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது. பணம் நிலவுடைமையாளர் கைக்குப் போயிற்று. சாகுபடி குறைந்ததால், தென் மாநிலங்களில் விளைச்சலில் பங்கு தந்து வாரத்துக்கு உழுத குடிகள் பலர் வெளியேற்றப்பட்டார்கள். 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலி வகுத்த 1938ஆம் ஆண்டுச் சட்டமும் வயல் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விட்டுவிட்டன. தெற்கில் கறுப்பின உழைப்பாளர்களில் மிகப் பலர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். தஞ்சை ஐயாவின் கணக்குச் சொல்லிலேயே கூறினால், ஈவு ஒரு சிலருக்கு, மீதி அவர்களுக்கு. இதைப் ‘பகிர்வு’ என்று தலைப்பிட்டால் மாணவர் பாடத்தைப் படிப்பதற்கு முன்பே தீர்ப்பைப் படித்துவிடுவார்.

சென்னை இதழாளர் எழுதியது:

பேராசிரியர் சொல்வது வரலாற்றுக்குச் சரி. பெயருக்குச் சரியா என்பதே என் ஐயம். ரூஸ்வெல்ட் வைத்த பெயரும் வாக்குறுதிதான், தணிக்கை அறிக்கை அன்று. வாக்குறுதி நிறைவேறவில்லை என்பதற்காக அதன் பெயரைத் திருத்தினால், தேர்தலில் சொல்லப்படும் எந்தச் சொல்லையும் நாம் மொழிபெயர்க்க முடியாமல் போய்விடும்.

திருச்சி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று புதன்கிழமை. மூன்று சொற்களையும் வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்.

‘நியூ டீல்’ என்றே விட்டால் அந்தப் பத்தி எளிதாக ஓடுகிறது. ஆனால் ஒலிபெயர்ப்பை ஏற்றால் ‘ஸ்கொயர் டீல்’, ‘ஃபேர் டீல்’ இரண்டையும் அப்படியே விட நேரும். ஒரே பக்கத்தில் மூன்று ‘டீல்’ நின்றால் அது தமிழ்ப் பக்கமாக இராது. ‘புத்தாட்டம்’ தனியாக நிற்கும்போது அழகாகவே இருக்கிறது. “1935இல் உச்ச நீதிமன்றம், தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்ததும் புத்தாட்டம் தடுமாறியது” என்று எழுதியபோதோ, எனக்கே ஏதோ கூத்துக் குழுவைப் பற்றி எழுதுவதுபோல இருந்தது. மேலும் ‘ஃபேர் டீல்’ என்பதை ‘நியாய ஆட்டம்’ என்றால் விளையாட்டுப் பக்கத்துச் செய்தியாகிவிடுகிறது.

பகிர்வு மட்டுமே மூன்றுக்கும் ஈடு கொடுக்கிறது: நேர்ப்பகிர்வு, புதுப்பகிர்வு, நியாயப்பகிர்வு. ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் பெயர் என்பதும் புலப்படும். மறுப்பு இருந்தால் நாளை நண்பகலுக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

டொராண்டோ அன்பர் எழுதியது:

உடன்படுகிறேன். உற்சாகத்தோடு என்று சொல்ல முடியாது.

சென்னை இதழாளர் எழுதியது:

முதல் முறை வரும் இடத்தில் ‘நியூ டீல் எனப்பட்ட புதுப்பகிர்வு’ என்று இருக்குமானால் எனக்கும் சரி. தேடுபொறியில் தேடும் பிள்ளைக்கு அந்த ஒலிபெயர்ப்புதான் கைகொடுக்கும்.

தஞ்சைத் தமிழாசிரியர் எழுதியது:

புதுப்பகிர்வு நன்று. நியாயம் வடசொல், நடுவுநிலை என்னும் நம் சொல் இருக்க அது எதற்கு? ‘நடுவுப்பகிர்வு’ எனலாம். ‘நேர்ப்பகிர்வு’ என்பதை ‘பகற்பகிர்வு’ என்று ஆக்க முடியுமா என்று இன்றிரவு எண்ணிப் பார்க்கிறேன். நுகத்தாணியை விட மனம் வரவில்லை.

கோவைப் பேராசிரியர் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், கருத்து மாறவில்லை என்பதைப் பதிந்துகொள்ளுங்கள். என் வகுப்பில் புத்தாட்டம் என்றே சொல்வேன்.

அம்மா, ஒரே ஒரு வேண்டுகோள். புதுப்பகிர்வு என்று தலைப்பிட்டால், அதே பக்கத்திலேயே, அடிக்குறிப்பில் ஒளிக்காமல், வயல் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்ற வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள். 1950களின் திருத்தங்களில்தான் அவர்களில் பெரும்பகுதியினர் உள்ளே வந்தார்கள் என்பதையும் சேர்த்தால் நல்லது.

திருச்சி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

சேர்த்துவிட்டேன், ஐயா. இடம் போதாததால் வாக்னர் சட்டத்தைப் பற்றிய அந்த வாக்கியத்தை வெட்டிவிட்டேன். ‘நியாயப்பகிர்வு’ அப்படியே இருக்கிறது. தஞ்சை ஐயா பொறுத்தருள்க. அடுத்த பக்கத்தில், எழுபது வயதைக் கடந்தும் விலகாத நீதிபதி ஒவ்வொருவருக்கும் ஒருவராக, ஆறு பேர் வரை உச்ச நீதிமன்றத்தில் கூடுதலாக நியமிக்க 1937இல் ரூஸ்வெல்ட் முயன்று தோற்றது வருகிறது. எதிரிகள் அதற்கு வைத்த பெயர் ‘கோர்ட் பேக்கிங்’. ‘நீதிமன்றத் திணிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்புகளை இன்று மாலை ஐந்து மணிக்கு முன் அனுப்பவும்.