ஏழு மாதப் பிள்ளைக்கு நல்ல கரடி பொம்மை எது?

ஆச்சிமாரே, தங்கச்சிகளே, காரைக்குடியிலிருந்து கேட்கிறேன். அண்ணன் மகளுக்கு ஏழு மாதம். அத்தை முறைக்கு நல்ல டெடி பியர் ஒன்று வாங்க வேண்டும், விலை கூடினாலும் சரி. (வெள்ளிக் கிலுகிலுப்பை இருக்கக் கரடியா என்கிறார் அப்பத்தா!)

போன மாதம் வாங்கியதில் கண் வெறும் பிளாஸ்டிக் பொத்தான். லேசாக இழுத்தேன், நூலோடு கையில் வந்துவிட்டது. பிள்ளையோ எதையும் முதலில் வாயில்தான் வைக்கிறாள். அதனால் கண், மூக்கு நூலால் தைத்திருக்க வேண்டும், ரோமம் உதிரக்கூடாது, ரிப்பன் வேண்டாம், துவைக்க வர வேண்டும். 2021 முதல் கட்டாயமான ஐஎஸ்ஐ முத்திரையும் அவசியம். தொட்டிலில் போடப்போவதில்லை, விளையாட மட்டும்தான்.

சின்ன அண்ணன் ஜெர்மனியின் ஸ்டைஃப் கம்பெனி கரடி என்கிறார், காதில் பொத்தான் வைத்து வருமே, அதுதான். அதில் கைக்குழந்தைக்கான வகையை யாராவது வாங்கினீர்களா? துவைத்த பிறகு எப்படி இருக்கிறது?