பர்கண்டியில் எந்த ஊருக்குப் போகலாம்?

பிரான்சின் பர்கண்டி வைன் பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் உதவுங்கள். அக்டோபரில் போன் நகரில் தங்கப்போகிறோம். வோன்-ரோமானேதான் உச்சம் என்று நண்பர் சாதிக்கிறார். ரோமானே-கோந்தி என்ற மிக விலையுயர்ந்த வைன் விளைகிற ஊர், சரி, ஆனால் அந்த விலைக்கு நாம் தோட்டத்துக் கல் சிலுவையோடு படம்தான் எடுத்துக்கொள்ள முடியும். என் ஓட்டு வொல்னேக்கு. ஒரு கிராண்ட் க்ரூ (உச்சத் தரத் தோட்டம்) கூடக் கிடையாது, ஆனாலும் அந்த பினோ நுவார் சிவப்பு வைனின் செர்ரி வாசனையும் வழவழப்பும், ஒன்பது கிராண்ட் க்ரூ வைத்திருக்கும் ஜெவ்ரே-ஷாம்பெர்தானில் எனக்குக் கிடைத்ததில்லை, அது இளசில் நாக்கைப் பிடிக்கிறது.

வெள்ளை வைனில்தான் குழப்பம். மெர்சோவா, புலினி-மோன்ராஷேயா? புலினியில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் வைனை முதிர வைக்கும் ஆழமான நிலவறைகள் அரிது என்கிறார்கள். அப்படியானால், முன்கூட்டிக் கேட்டுப் போனால் சுவைக்கக் கொடுக்கும் சின்ன தயாரிப்பாளர்கள் மெர்சோவில்தான் அதிகமா? கிராண்ட் க்ரூ எல்லாம் வேண்டாம், ஊர்ப் பெயர் போட்ட சாதாரண பாட்டிலே போதும்.