ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் போர்ப்பறப்புகள்: தேதிவாரிப் பட்டியல் தேவை

ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஆஸ்கார் பெற்ற அடுத்த மாதமே, 1941 மார்ச்சில் படையில் சேர்ந்து, பின்னர் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து பி-24 குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். அவரைப் பற்றிய கட்டுரைக்காக, அவருடைய 20 போர்ப்பறப்புகளையும் தேதியோடு தொகுக்க மூன்று மாதங்களாக முயன்று வருகிறேன்.

1943 டிசம்பர் 13 அன்று ஜெர்மனியின் கீல் நகரின் மீதும், 1944 பிப்ரவரி 20 அன்று அதே நாட்டின் பிரவுன்ஷ்வைக் மீதும் (‘டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ்’ என்ற வீரப் பதக்கத்தைப் பெற்றுத்தந்தது இதுதான்) அவர் பறந்ததை உறுதிசெய்துவிட்டேன். நார்ஃபோக்கின் டிபென்ஹாம் தளத்தில் 445ஆம் குண்டுவீச்சுப் பிரிவில் இருந்த காலத்துக்கு ஓரளவு தகவல் கிடைக்கிறது. 1944 மார்ச் இறுதியில் ஓல்ட் பக்கென்ஹாமிலிருந்த 453ஆம் பிரிவுக்கு மாறிய பிறகுதான் தடம் அறுபடுகிறது. வாழ்க்கை வரலாறுகளில் தேடினேன், ஓர் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதினேன், பதில் இல்லை.

453ஆம் பிரிவின் அன்றாடப் பறப்புப் பதிவுகளை இணையத்தில் எங்கே பார்க்கலாம்?