‘திண்மக் கலவை’ போதாது, ‘திண்ம அளாவம்’ என்போமா?

வணக்கம் ஐயா,

தண்ணீரில் எளிதில் கரையாத மருந்தைப் பாலிமருக்குள் புகுத்திச் செய்யும் பொருளுக்கு (ஆங்கிலத்தில் solid dispersion) நீங்கள் தந்த ‘திண்மக் கலவை’யை மூன்று நாளாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஒப்பவில்லை. ஏன் என்று எங்கள் ஈரோட்டு மஞ்சளை வைத்தே சொல்கிறேன்.

மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கினால் சற்று நேரத்தில் அடியில் வண்டலாகப் படிந்துவிடும். அதிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் தண்ணீரில் கரைவதே அரிது. அதைப் போவிடோன் என்ற, தண்ணீரில் கரையும் பாலிமரோடு வெறும் பொடியாகக் கலந்தாலும் படிகம் படிகமாகத்தான் இருக்கும். இரண்டையும் எத்தனாலில் கரைத்து, எத்தனாலை ஆவியாக்கி, மிஞ்சியதைப் பொடித்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படிக ஒழுங்கு குலைந்து, பாலிமருக்குள் மிக நுண்ணியதாக மருந்து கிடப்பதால் வேகமாகக் கரையும். ஆய்வுக்கூடத்தில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிடுகிறோம். முதலாவது கலவை. இரண்டாவதும் கலவை என்றால் மாணவர் எதை எதோடு ஒப்பிடுவார்?

‘திண்மக் கரைசல்’ என்பது மருந்து மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்திருந்தால் மட்டும் பொருந்தும். 1961இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செகிகுச்சியும் ஓபியும் சல்ஃபாதயசோல் என்ற மருந்தை யூரியாவோடு உருக்கி ஆறவைத்தபோது, மருந்து நுண்படிகங்களாக இருப்பதாகவே விளக்கினார்கள்.

பள்ளி வேதியியலில் கூழ்மப் பாடத்தில் dispersion என்பதற்கு வரும் ‘பிரிகை’யை எடுக்கலாம்தான். ஆனால் மருந்து பாலிமரை விட்டுப் பிரிந்து மறுபடி படிகமாவதுதான் இந்த மாத்திரைகளில் நாம் அஞ்சும் கோளாறு. கோளாறின் பெயரையே பொருளுக்கு வைக்க வேண்டுமா? ‘பரவல்’ வேண்டாம். மருந்து கரையும் வேகத்தைச் சொல்லும் நோயஸ்–விட்னி சமன்பாட்டை விளக்கும் அதே பக்கத்தில் அது வேறு பொருளில் (diffusion) வரும்.

அதனால்தான் ‘அளாவம்’. 64ஆம் குறளின் ‘சிறுகை அளாவிய கூழ்’ நினைவிருக்கும். குழந்தையின் கை கூழுக்குள் எல்லாப் பக்கமும் புகுந்து வருகிறது. வேறு எந்தக் கலைச்சொல்லோடும் இது மோதுவதாகத் தெரியவில்லை. உருக்கிச் செய்தால் உருக்கு அளாவம், படிகமே இல்லாவிட்டால் படிகமற்ற அளாவம் என்று கிளைக்கவும் செய்யும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மாத்திரை தண்ணீரில் பொலபொலவென்று உடைவதைக் ‘கரைதல்’ என்று எழுதாதீர்கள், அது ‘உதிர்தல்’. உதிர்ந்தும் கரையாத மருந்தால்தானே இத்தனை பாடு.

‘அளாவல்’ போதாதா என்று சிலர் கேட்கலாம். அது செய்கையைக் குறிக்கும். தராசில் வைத்து எடைபோடும் பொருளுக்கு ‘அளாவம்’தான் சரி.